வெளுத்த நிறம் பிடிக்காதவர்

நல்ல நிறத்தைப் பார்த்தால் நாக்கைச் சப்புக்கொட்டும் ஒரு மனிதரை எனக்குத் தெரியும். நாமெல்லாம் மாம்பழத்துக்கும் மீன் குழம்புக்கும் கொட்டுவோமே, அதே சப்புதான். பழைய பஸ்ஸின் துரு, காயப்போட்ட மிளகாய், மழைக்கு முந்தின வானம், எங்கள் அம்மா காலில் இருந்த புண், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சத்தம்தான். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

அவர் ஓவியர். கோயமுத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் வீடு, அங்கேயே ஒரு கல்லூரியில் ஓவிய ஆசிரியர். எங்கள் தோட்டம் திருப்பூரைத் தாண்டி, நொய்யலை ஒட்டி இருந்தது. ஆற்றில் சாய நுரை மிதக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை வரைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்தவர், வழி கேட்க எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் கண்ணில் எங்கள் கிணறு பட்டுவிட்டது.

எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து நிலத்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அவர்கள் கழிவுத் தண்ணீரை, வறண்டுபோன ஒரு ஆழ்துளைக் கிணற்றுக் குழிக்குள் திருட்டுத்தனமாக இறக்கிவிடுவார்கள். அது பூமிக்குள்ளேயே வந்து எங்கள் கிணற்றில் ஊறும். ஒரு வாரம் கத்தரிப்பூ ஊதா, அடுத்த வாரம் மயில்கழுத்து, அதற்கடுத்த வாரம் அரக்கு. தென்னை நுனி கருகியது. எருமை அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீருக்கு அம்மா ஒன்றரை மைல் நடந்துபோய்க் குடம் சுமந்தாள்.

அன்றைக்கு ஊதா. அவர் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்தச் சப்புச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன்.

"அடேங்கப்பா! ஏனுங்கண்ணா, இத்தனை அழகை வெச்சுக்கிட்டு வெளிய சொல்லாம இருக்கறீங்க?" என்று எங்கள் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? கையில் இருந்த மண்வெட்டிக் காம்பால் ஒரு போடு போட்டிருக்க வேண்டும். அவர் சொன்னது, "வாங்க சார், வந்து உக்காருங்க. தண்ணி குடிங்க."

எங்கள் ஊர்க்காரர்களின் கோளாறே இதுதான். திட்டுவதற்கு வாயைத் திறந்தாலும் முதலில் ஒரு 'ங்க' வந்து நின்றுகொள்ளும். அதற்குப் பின்னால் வருகிற திட்டு பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், ஒன்றரை மைல் சுமந்த தண்ணீரை. அவர் இரண்டு மடக்குக் குடித்தார். அப்புறம் பையைத் திறந்து, பிரஷ்ஷை எடுத்து, காகிதத்தில் ஊதாவைத் தீட்டிப் பார்த்து, பேச்சு வாக்கில் அந்தச் சொம்புக்குள் விட்டு அலசினார். தண்ணீர் ஊதாவாகியது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு இன்னொரு சொம்பு வைத்தாள். அதிலும் அலசினார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நிறம் சரிபார்க்கும் வேலை. வெளிநாட்டுக்காரர் ஒரு துண்டுத் துணி அனுப்புவார். நம் பட்டறை சாயம் போட்ட துணியை அதன் பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் பார்த்து, இரண்டும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். ஒரு நூல் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. நிறம் என்றால் எனக்கு அவ்வளவுதான், இருக்கிறது இருக்கிறபடி இருக்க வேண்டும்.

அவருக்கு என் வேலையைக் கேட்டு ஒரே சிரிப்பு.

"இருக்கற கலரைப் போடறதுக்குக் கேமரா போதுமுங்க அம்மணி. ஒருத்தருக்குள்ள என்ன ஓடுதோ, அந்தக் கலரைப் போடோணும். ஆகாசம் நீலமா இருந்தா என்னுங்க? உங்களுக்குப் பயமா இருந்துதுன்னா அது மஞ்சள்தான்."

"மஞ்சள் மங்கலமுங்களே சார்?"

"பக்கத்துல ஒரு கருநீலத்தை வெச்சுப் பாருங்க. அப்பறம் சொல்லுங்க, மங்கலமா இல்லையான்னு."

வைத்துக் காட்டினார். நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த ஆளுக்கு வேலை தெரியும். சிவப்பைச் சிவப்பாகக் காட்ட அதன் மேல் இன்னும் சிவப்பை அப்பக் கூடாது, பக்கத்தில் ஒரு துளி பச்சை வைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். லைட் பாக்ஸ் முன்னால் நிற்கும்போது அது இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. அதை நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு முறை அப்பாவை வரைந்தார். முகம் முழுக்கப் பச்சை, பாசி பிடித்த பச்சை. காது மடல் மட்டும் கொதிக்கிற ஆரஞ்சு. கழுத்து நரம்பில் ஒரு சிவப்புக் கோடு. அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஓவியர் போன பிறகு அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நான் கோவமா இருக்கறது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்கும் அதுதான் ஆச்சரியம். ஆனால் அடுத்த ஞாயிறு பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அப்பாவின் கோபத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. "அந்தக் காதுக்கு ஆரஞ்சு கேட்டுது, போட்டேனுங்க" என்றார். படத்துக்குத் தெரிந்தது வரைந்த ஆளுக்குத் தெரியவில்லை. அப்படியும் ஒரு மனிதன் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா காலுக்கு வருகிறேன். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் களை பறித்துப் பறித்து அம்மாவின் கணுக்காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. ஒரு நாள் அவள் படியில் உட்கார்ந்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கிட்டப் போய்க் குனிந்தார். பாவம், விசாரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, சித்த அப்படியே இருங்க. அந்தப் புண்ணு ஓரத்துல ஒரு ஊதா ஓடுது பாருங்க. நடுவுல ரோஸு. எத்தனை மாசம் கலக்கினாலும் எனக்கு அந்த ரோஸு வராது." சொல்லிவிட்டுச் சப்புக்கொட்டினார்.

அம்மா சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவர் வருத்தமாகப் பார்த்தார், நல்ல நிறத்தைத் திரை போட்டு மூடிவிட்டார்களே என்று. அவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அந்த மாதிரி நேரங்களில் மட்டும்தான்.

வரும்போதெல்லாம் ஒரு ஜாம் பாட்டில் கொண்டுவருவார். கிணற்றில் அன்றைக்கு என்ன நிறமோ அதை மொண்டு மூடி எடுத்துப்போவார், வீட்டில் வைத்துப் பார்த்து வரைவதற்கு. தன் கையெழுத்து தனக்கே புரியாது என்று சொல்லி, தேதிச் சீட்டை அப்பாவைத்தான் எழுதச் சொல்வார். அப்பா எட்டாவது வரை படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். தேதி, கிழமை, கீழே தன் பெயர், எல்லாம் எழுதிப் பசை தடவி ஒட்டிக்கொடுப்பார். அப்படி இருபத்தாறு பாட்டில் சேர்ந்தது.

இதற்கிடையில் அப்பா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்திருந்தார். அந்தப் பட்டறை குழிக்குள் தண்ணீர் இறக்குவதை நிறுத்த வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அங்கிருந்து அதிகாரி மூன்று முறை வந்தார். ஆனால் அவர் வருகிறார் என்பது எங்களுக்கு முன்னால் பட்டறைக்குத் தெரிந்துவிடும். நாலைந்து நாள் இறக்குவதை நிறுத்திவிடுவார்கள். அதிகாரி எட்டிப் பார்க்கிற அன்றைக்குக் கிணறு தெளிந்து, கண்ணாடி மாதிரி இருக்கும்.

"உப்பு இருக்குதுங்க, இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா உப்பு இந்தப் பக்கம் எல்லாக் கெணத்துலயும் இருக்குது. சாயம் இருந்தாத்தான் நான் அந்தப் பட்டறை மேல கை வைக்க முடியும்" என்றார் அதிகாரி. நல்ல மாதிரிதான் பேசினார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். "தேதி போட்டுத் தண்ணி ஏதாச்சும் எடுத்து வெச்சிருந்தா கொண்டாங்க. பார்த்துப்போட்டு மேல எழுதறேன்."

அப்பாவின் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப் போல மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு பாட்டில்! தேதியோடு! ஓவியருக்குப் போன் போட்டோம். மறுபேச்சு இல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, வைக்கோல் வைத்து, கல்லூரிப் பையன் ஒருவன் மூலமாகப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அந்த ஒரு நாள் நான் அவரை நல்லவர் என்று நினைத்தேன்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போனார்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, அப்பா தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருபத்தாறு பாட்டிலும் வரிசையாக நின்றன. வெயில் சாய்ந்து அவற்றுக்குள் விழுந்து, திண்டு முழுக்கத் தேர்த்திருவிழா போல நிறம் நிறமாக இருந்தது.

"பெயிண்டைக் கலக்கிக் கொண்டாந்திருக்கறேன்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு" என்றார் அப்பா.

நான் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அடியில் விரல்கடை அளவுக்கு வண்டல் படிந்திருந்தது. என் தொழில் இது, எனக்குத் தெரியாதா? அந்தத் துணிச்சாயம் தண்ணீரில் கரைந்து போகிற ஜாதி, எத்தனை நாள் வைத்தாலும் இப்படி அடியில் தங்காது. தங்கினால் அது பெயிண்ட். ஆட்டிப் பார்த்தேன், மாவு மாதிரி எழும்பியது. இருபத்தாறிலும் அப்படித்தான்.

"வயசானவரு, பொய் சொல்றீங்களேன்னாருங்க அந்த ஆபீசரு. நாலு பேரு உக்காந்திருந்தாங்க." அப்பா இதையும் 'ங்க' போட்டு என்னிடம் சொன்னார். பெற்ற மகளுக்கு 'ங்க' போடுகிற அளவுக்கு அவர் நிலைகுலைந்து போயிருந்தார். பொய்ப் புகார் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் சரவணம்பட்டிக்குப் போனோம். அப்பா அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "அவரு பொருளு, குடுத்தறோணுமில்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் பஸ்ஸிலிருந்து வீசியிருப்பேன்.

அவர் கதவைத் திறந்ததும் நான் 'ங்க' எதுவும் போடாமல்தான் கேட்டேன். "பாட்டில்ல என்ன பண்ணினீங்க?" அதிலும் கடைசியில் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது, பாருங்கள்.

அவர் மறைக்கவே இல்லை. "ஜன்னல்ல வெச்சிருந்தேனுங்க அம்மணி. வெயில் பட்டு எல்லாம் வெளுத்துப் போச்சு. வெளுத்த கலரைப் பார்த்தா எனக்குக் காய்ச்சலே வந்துருமுங்க, உங்களுக்குத்தான் தெரியுமே. அதுதான் ஞாபகத்துல இருந்த கலருக்குப் பெயிண்டு கரைச்சு ஊத்தி ஒவ்வொண்ணையும் கொஞ்சம் எழுப்பி உட்டேன். முதல்ல இருந்ததை விட இப்பத்தானுங்க நல்லா இருக்குது!"

"எங்கப்பாவைப் பொய்யன்னு சொல்லிப்போட்டாங்க."

"அடடா" என்றார். உண்மையாகவே பரிதாபப்பட்டார், ஒரு அரை நிமிஷம். அப்புறம் சொன்னார், "நான் ஒண்ணும் இல்லாத கலரைப் போடலீங்களே. அந்த ஊதா உங்க கம்பெனி ஷேடுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க பாஸ் போட்ட கலருதானுங்களே?"

சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிணற்றை எட்டிப் பார்த்தபோது, போன மாதம் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஊதா அங்கே கிடந்தது. லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. எங்கள் கம்பெனித் துணிக்குச் சாயம் போட்டதே அந்தப் பட்டறைதான். அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. இவரிடம்தான் உளறி வைத்திருந்தேன். அவர் அதைக் குத்திக்காட்டவும் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த அருவருப்பு அப்படியே என் மேலும் கொஞ்சம் வழிந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல், பெட்டியை அவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டு, "வாரோமுங்க சார்" என்றார். மறுநாளும் நான் வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. பட்டறைகள் மூடி, திறந்து, எப்படியெப்படியோ மாறின. இப்போது எங்கள் கிணற்றில் சாயம் வருவதில்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, உப்புக் கசப்பில் ஒரு வாய் வைக்க முடியாது. தென்னை இருந்த இடத்தில் சீமைக்கருவேல் நிற்கிறது.

போன மாதம் தபாலில் ஒரு அழைப்பிதழ் வந்தது. கோயமுத்தூரில் அவருடைய ஓவியக் கண்காட்சி. அட்டையில் எங்கள் கிணறு.

"நான் வரல கண்ணு. அவரு என் காலைப் பார்த்த பார்வை இன்னும் கூசுது" என்றாள் அம்மா. அப்பாவோ கிளம்பிவிட்டார். புறப்படும்போது ஒரு தண்ணீர் பாட்டிலைக் கிணற்றில் மொண்டு மஞ்சப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஏசி போட்ட கூடம். சுவரெல்லாம் எங்கள் தோட்டம். மஞ்சள் வானம், ஊதாக் கிணறு, ஒரு பெண்ணின் கணுக்கால் மட்டும் தனியாக, ஆள் உயரத்துக்கு. சொல்லக் கூசுகிறது, அவ்வளவும் அழகு. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இருபத்தாறு பாட்டில், அடியில் விளக்கு போட்டு. ஒவ்வொன்றிலும் அப்பாவின் முத்து முத்தான எழுத்து.

ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் அந்தப் பெட்டி முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓவியர் எங்களை அவளிடம் அழைத்துப்போய், "இவருதானுங்க அந்த விவசாயி" என்று காட்டினார். தலை முழுக்க நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை ஆதாரம் இருந்தும் உங்களுக்கு ஒண்ணும் நடக்கலீங்களா ஐயா?"

அப்பா ஓவியரைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அது பெயிண்ட்டுங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், கிராமத்துப் பெரியவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று. ஓவியரும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அந்தச் சீட்டெல்லாம் என் கையெழுத்துங்க சார். அதைக் கிழிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

"அண்ணா, கண்காட்சி முடியட்டுமுங்க, பார்க்கலாம்" என்றார் அவர்.

அப்பா மஞ்சப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "எங்க தண்ணி இதுதானுங்க."

அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சப்புக்கொட்டவில்லை. முகம் சுளித்தது. "இதுல ஒண்ணுமே இல்லீங்களே அண்ணா."

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

அத்தனை பேர் பார்க்கிறார்கள், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். ஊற்றியவர் அப்படியே நின்றார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. துப்புவதற்கு இடம் தேடிக் கண் நாலு பக்கமும் ஓடியது. தரை பளபளவென்று இருந்தது.

"துப்பாதீங்க சார், முழுங்கிருங்க. நாங்க அப்படித்தான் முழுங்கினோம்" என்றார் அப்பா, அவ்வளவு மரியாதையாக.

அவர் முழுங்கவில்லை. வாசலுக்கு ஓடி, குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, இனியாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. பாட்டிலை மறுபடி தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! கலரே இல்லாம இத்தனை கசப்பா! அண்ணா, இதை வெள்ளை மேல வெள்ளையா ஒரு வரிசையே வரையலாமுங்க. இந்தப் பாட்டில் இங்கயே இருக்கட்டும்." சொல்லி முடித்ததும் நாக்கு சப்புக்கொட்டியது.

அப்பா கிட்டப் போய், அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, பாட்டிலை எடுத்துக்கொண்டார். மூடியை இறுகத் திருகினார்.

"இதைக் குடுக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் அப்பா 'ங்க' போடாமல் ஒரு வெளி மனிதரிடம் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான். பாட்டிலை மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியை என்னிடம் கேட்டார்.